அப்பர்ச்சரை அப்புறம் பாக்கலாம், முதல்ல ஃபோக்கல் லெந்த்

நீங்க கேட்டது இதுதான்: கைல 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா இருக்கு, அஞ்சு கிலோ தாங்கற சின்ன ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுத்தற மாதிரியே கேமராவை சுத்தற தாங்கி) இருக்கு, நெபுலா கேலக்ஸி எல்லாம் எடுக்க ஒரு சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் வச்ச டெலஸ்கோப்) வேணும். 51 மி.மீ பெட்ஸ்வால் (முன்னாடி பின்னாடின்னு ரெண்டு லென்ஸ் கூட்டம்), 61 மி.மீ டப்லெட் (ரெண்டு கண்ணாடி), 80 மி.மீ ட்ரிப்லெட் (மூணு கண்ணாடி) இந்த மூணுல எது, முடிஞ்ச வரைக்கும் பெருசா எடுத்துடறது தானே நல்லதுன்னு.

இல்லங்க. உங்க மவுண்டுக்கு 80 வேணாம். 51 எடுங்க, இல்லன்னா 61. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

கண்ணை வச்சு பாக்கற டெலஸ்கோப்னா அப்பர்ச்சர், அதாவது முன் லென்ஸோட விட்டம், தான் எல்லாம், அதுல சந்தேகமே இல்ல. போட்டோ எடுக்கறப்போ கணக்கு வேற. நீங்க வாங்கறது ஒரு பெரிய கண்ணு கிடையாது, ஒரு நீளமான கேமரா லென்ஸ். அதனால முதல் கேள்வி எது எவ்வளவு பெருசா சென்சார்ல விழும்ங்கறது, அதை முடிவு பண்றது ஃபோக்கல் லெந்த், அதாவது லென்ஸ்லேர்ந்து பிம்பம் விழற இடம் வரைக்கும் இருக்கற தூரம். ஒரு சின்ன கணக்கு இருக்கு, மனப்பாடமே பண்ணிடுங்க: பிக்சல் அளவை மைக்ரான்ல எடுத்து 206 ஆல பெருக்கி ஃபோக்கல் லெந்த்தால (மி.மீ) வகுத்தா ஒரு பிக்சல் வானத்துல எத்தனை ஆர்க் செகண்ட்னு (ஒரு டிகிரியை 3600 ஆ பிரிச்சா ஒரு பங்கு) வந்துடும். உங்க கேமரா பிக்சல் சுமாரா 3.9 மைக்ரான். எஃப் நம்பர்ங்கறது ஃபோக்கல் லெந்த்தை அப்பர்ச்சரால வகுத்தது, அதனால 51 மி.மீ எஃப்/4.9 னா 250 மி.மீ, அதுல 3.2 ஆர்க் செகண்ட். 61 மி.மீ எஃப்/5.9 னா 360 மி.மீ, 2.2 வருது. 80 மி.மீ எஃப்/6 னா 480, அதுல 1.7. காத்து மண்டலம் நட்சத்திரத்தை சாதாரண ராத்திரியில 2 லிருந்து 4 ஆர்க் செகண்ட் வரைக்கும் பரப்பி விட்டுடும், அதனால 1.7 க்கு போனா கிடைக்கற கூடுதல் விவரம் நல்ல ராத்திரியில மட்டும்தான் கண்ணுக்கு தெரியும், ஆனா அதுக்கான கஷ்டம் எல்லா ராத்திரியும் இருக்கும்.

இன்னொரு பக்கம் ஃப்ரேம் எவ்வளவு அகலம்னு பாருங்க. ஏபிஎஸ்-சி சென்சார் 23.5 க்கு 15.6 மி.மீ. 250 ல அது 5.4 க்கு 3.6 டிகிரி, 360 ல 3.7 க்கு 2.5, 480 ல 2.8 க்கு 1.9. நிலா அரை டிகிரின்னு ஞாபகம் வச்சுக்கிட்டா இது எவ்வளவு பெரிய வானம்னு புரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி சுமாரா மூணு டிகிரி நீளம், 480 ல கேமராவை கோணலா திருப்பி வச்சாத்தான் ஒரு மாதிரி அடங்கும், ரெண்டு முனையும் ஃப்ரேம் ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்கும். வெய்ல் (Veil) நெபுலா முழுசா, நார்த் அமெரிக்கா நெபுலாவும் பக்கத்துல பெலிக்கனும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அதை சுத்தி இருக்கற தூசியும், ஓரையன் நெபுலாவும் குதிரைத் தலையும் ஒரே ஃப்ரேம்ல, இதெல்லாம் 250 லிருந்து 400 க்குள்ள தான் சுகமா உக்காரும். சின்ன ரிஃப்ராக்டரோட வீடே அதுதான். அதே 250 ல வேர்ல்பூல் கேலக்ஸி எம்51 எடுத்தீங்கன்னா அது 11 ஆர்க் நிமிஷம் (ஒரு ஆர்க் நிமிஷம் 60 ஆர்க் செகண்ட்), சுமார் 200 பிக்சல், 6000 பிக்சல் அகல படத்துல ஒரு பொட்டு மாதிரி இருக்கும். சின்ன கேலக்ஸி தான் உங்க ஆசைன்னா எந்த சின்ன ரிஃப்ராக்டரும் உங்களுக்கு சரிப்படாது, அதை இப்பவே சொல்லிடறது நல்லது.

அடுத்தது மவுண்ட், இதுல தான் நிறைய பேர் மாட்டறாங்க. வானம் ஒரு செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் நகருது. 250 மி.மீ ல ட்ராக்கிங் இல்லாம ஒரு செகண்ட் விட்டாலே அஞ்சு பிக்சல் இழுத்துடும், அப்போ மூணு நிமிஷ எக்ஸ்போஷர்ல மவுண்ட் எவ்வளவு ஒழுங்கா சுத்தணும்னு யோசிச்சு பாருங்க. சின்ன மவுண்ட்ல இருக்கற கியர் ஒரே சீரா சுத்தாது, முன்ன பின்ன ஆடிக்கிட்டே தான் போகும். அந்த ஆட்டம் 3.2 ஆர்க் செகண்ட் பிக்சல்ல பாதி மறைஞ்சுடும், 1.7 ல அப்பட்டமா தெரியும். கைடிங் (இன்னொரு குட்டி கேமரா ஒரு நட்சத்திரத்தை பாத்துக்கிட்டே மவுண்டை திருத்தறது) போட்டா குறையும், போகாது. எடையும் பாருங்க, 80 மி.மீ ட்ரிப்லெட் வளையம், மவுண்ட்ல மாட்டற டவ்டெய்ல் பட்டை எல்லாம் சேத்து மூணு மூணரை கிலோ வந்துடும், மேல கேமரா, ஃப்ளாட்டனர் (பிம்பத்தை தட்டையாக்கற லென்ஸ்), கைட் ஸ்கோப், அதுக்கு ஒரு கேமரா, ஹீட்டர், தொங்கற ஒயருங்க. அஞ்சு கிலோன்னு பெட்டி மேல போட்டிருக்கறது தூக்கற அளவு, படம் எடுக்கற அளவு இல்ல, அதுல பாதிலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் ஏத்தினா நிம்மதி. விரலுக்கேத்த வீக்கம்னு சொல்ற மாதிரி.

"ஆனா 80 ல வெளிச்சம் அதிகமா வருமே"ன்னு கேப்பீங்க. வரும். இந்த விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு, ரெண்டுமே பாதி சரி. மேகம் மாதிரி பரவிக் கிடக்கற நெபுலாவுக்கு ஒரு பிக்சல்ல எவ்வளவு வெளிச்சம் விழும்ங்கறதை எஃப் நம்பர் தான் தீர்மானிக்கும், அதனால எஃப்/4.9 ல இருக்கற குட்டி 51, எஃப்/6 ல இருக்கற 80 ஐ விட ஒவ்வொரு பிக்சலையும் ஒன்றரை மடங்கு வேகமா நிரப்பும். ஆனா அந்த நெபுலாவுலேர்ந்து மொத்தமா சேத்த வெளிச்சம்னு பாத்தா 80 கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு அதிகம் வாங்கியிருக்கும், அதை நிறைய பிக்சல்ல பரப்பி கூடுதல் விவரமா கொடுக்கும். பெரிய வானம் சீக்கிரமா வேணும்னா எஃப் நம்பர் பாருங்க, ஒரே பொருள்ல விவரம் வேணும்னா அப்பர்ச்சர் பாருங்க. இவ்வளவுதான் விஷயம், இதுக்கு ராத்திரி பூரா சண்டை போடறாங்க.

கண்ணாடி. அக்ரோமேட் (சாதாரண கண்ணாடி ரெண்டை சேத்த லென்ஸ்) மட்டும் வேணாம், எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் வேணாம், ரெண்டு நிறத்தை தான் ஒரே இடத்துல சேர்க்கும், வயலெட் எங்கயோ போய் விழும், பிரகாசமான நட்சத்திரம் ஒவ்வொண்ணை சுத்தியும் ஊதா கலர்ல ஒரு வளையம் நிக்கும். என் முதல் ஸ்கோப் அது தான், கார்த்திகையை எடுத்தா எந்த நீலம் நெபுலா எந்த நீலம் லென்ஸ் போட்டதுன்னு எனக்கே தெரியாது. ஈடி கண்ணாடி (நிறத்தை கம்மியா சிதறடிக்கற வகை) இருக்கணும். விளம்பரத்துல எஃப்பிஎல்-51, எஃப்பிஎல்-53 னு போடுவாங்க, ரெண்டும் ஓஹாரா கம்பெனி கண்ணாடி, 53 தான் நிறத்தை கம்மியா சிதறடிக்கும். ஹோயாவோட எஃப்சிடி100 னு பாத்தீங்கன்னா அது 53 க்கு சமமான ஜாதி, எஃப்சிடி1 எஃப்பிஎல்-51 க்கு சமம். ஆனா பேரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, கூட ஜோடி சேர்ற கண்ணாடி என்ன, எவ்வளவு நேர்த்தியா தேய்ச்சு எவ்வளவு நேரா மாட்டியிருக்காங்கன்னு இருக்கு. எஃப்பிஎல்-51 போட்டு நல்லா செஞ்ச லென்ஸ் எஃப்பிஎல்-53 போட்டு சுமாரா செஞ்சதை தூக்கி சாப்டுடும்.

டப்லெட்டா ட்ரிப்லெட்டான்னு ரொம்ப கவலைப்பட்டிருந்தீங்க, அதுக்கு ஒரு விஷயம். நிறம் பிரியற தூரம் ஃபோக்கல் லெந்த்தோட சேர்ந்து வளரும், ஆனா ஃபோக்கஸ் எவ்வளவு தப்பை பொறுத்துக்கும்ங்கறது எஃப் நம்பரை மட்டும் பொறுத்தது. அதனால ஒரே கண்ணாடி ஜோடியை வச்சு 60 மி.மீ எஃப்/6 பண்ணா நிறம் அடங்கி இருக்கும், அதையே 100 மி.மீ எஃப்/6 ஆ பண்ணா பிச்சுக்கும். அதாவது சின்ன அளவுல நல்ல டப்லெட்டே போதும். டகாஹாஷி எஃப்எஸ்-60 ரெண்டே கண்ணாடி, அதுல ஒண்ணு ஃப்ளோரைட், அதை வச்சு காலங்காலமா அருமையா எடுத்துக்கிட்டு இருக்காங்க. 80 க்கு மேல போறப்போ ட்ரிப்லெட் பத்தி யோசிக்கலாம், மூணு கண்ணாடின்னா எடை ஏறும், ராத்திரி குளிர்ச்சிக்கு பழகவும் நேரம் எடுக்கும். ஆமா, பிற்காலத்துல முன்னாடி வெறும் கண்ணாடி மட்டும் இருக்கற அஸ்ட்ரோ கேமராவுக்கு மாறினா ஒரு யூவி-ஐஆர் கட் ஃபில்டர் (கண்ணுக்கு தெரியாத புற ஊதா, அகச்சிவப்பு ஒளியை தடுக்கறது) கட்டாயம் போடுங்க, இல்லன்னா எவ்வளவு நல்ல லென்ஸ்லயும் நட்சத்திரம் உப்பிப்போய் தெரியும். உங்க மிரர்லெஸ்ல அது உள்ளயே இருக்கு. அது நெபுலா ஒளிர்ற ஹைட்ரஜன் சிவப்பையும், அதாவது 656 நானோமீட்டர், பெருமளவு வெட்டிடும்ங்கறது தான் வருத்தம்.

இப்போ முக்கியமான இடம், ஃபீல்ட் ஃப்ளாட்டனர். சாதாரண டப்லெட் ட்ரிப்லெட் ரெண்டுமே பிம்பத்தை தட்டையா போடாது, கிண்ணம் மாதிரி வளைஞ்சு போடும், சென்சார் தட்டை. நடுவுல ஃபோக்கஸ் பண்ணா ஓரத்துல நட்சத்திரம் எல்லாம் வால் முளைச்சு வெளிய ஓடற மாதிரி இருக்கும். ஃப்ளாட்டனர் இல்லாம ஸ்கோப் வாங்கறது யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழற கதை, அதனால விலை ஒப்பிடும்போது ரெண்டையும் சேத்தே ஒப்பிடுங்க, 61 டப்லெட் 51 பெட்ஸ்வாலை விட கம்மியா தெரியறது பாதி இதனாலதான். அதே கம்பெனி அதே ஸ்கோப்புக்குன்னு சொல்ற ஃப்ளாட்டனரையே வாங்குங்க.

வாங்கினதோட முடியல. ஃப்ளாட்டனருக்கும் சென்சாருக்கும் நடுவுல ஒரு குறிப்பிட்ட தூரம் இருக்கணும், பேக் ஃபோக்கஸ்னு சொல்வாங்க, பெரும்பாலும் 55 மி.மீ, சிலதுக்கு வேற. இந்த 55 பழைய எஸ்எல்ஆர் காலத்து டி-ரிங் (கேமராவை ஸ்கோப்ல மாட்டற வளையம்) கணக்கு, கேனான் இஎஃப் கேமராவுக்குள்ள 44 மி.மீ, டி-ரிங் 11, ஆச்சு 55. மிரர்லெஸ்ல கேமராவுக்குள்ள இருக்கற தூரம் கம்மி, சோனி ஈ னா 18, நிக்கான் இசட் னா 16, கேனான் ஆர்எஃப் னா 20, அதனால அடாப்டர் அந்த மீதியை நிரப்பற நீளத்துல இருக்கணும், அதை அளந்து பாத்து வாங்குங்க. நான் ஒரு தடவை எல்லாம் கரெக்டா 55 கட்டிட்டு நடுவுல 2 மி.மீ கனத்துல ஒரு ஃபில்டரை மாட்டினேன். ரெண்டு ராத்திரி எடுத்த படத்துல நாலு மூலையும் நட்சத்திரம் எல்லாம் நடுவை பாத்து நீண்டுக்கிட்டு நிக்குது. லென்ஸ் போச்சுன்னே நினைச்சேன், விக்கறவருக்கு ஒரு காரசாரமான மெயில் கூட அடிச்சு வச்சேன், நல்ல வேளை அனுப்பல. அப்புறம் தான் தெரிஞ்சது, கண்ணாடி வழியா போறப்போ ஃபோக்கஸ் அந்த கனத்துல மூணுல ஒரு பங்கு பின்னாடி தள்ளிப்போகும்னு, 2 மி.மீ ஃபில்டர்னா 0.7. அரை மி.மீ பிளாஸ்டிக் வளையம் ஒண்ணு போட்டேன், பாதி சரியாச்சு, கூட ஒரு மெல்லிசு வளையம் போட்டேன், முழுசா சரியாச்சு. ஒரு மி.மீ கூட இல்ல பாருங்க. பொதுவா மூலை நட்சத்திரம் நடுவை நோக்கி நீண்டிருந்தா சென்சார் ரொம்ப கிட்ட இருக்கு, நடுவை சுத்தி வட்டமா வளைஞ்சிருந்தா ரொம்ப தள்ளி இருக்கு. இதை ஒரு சீட்டுல எழுதி பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்.

பெட்ஸ்வால் வகைல இந்த தலைவலி இல்ல. 1840 வாக்குல ஜோசஃப் பெட்ஸ்வால் போர்ட்ரெய்ட் போட்டோவுக்காக கண்டுபிடிச்ச லென்ஸ் அமைப்போட வாரிசு இது, முன்னாடி ஒரு கூட்டம் பின்னாடி ஒரு கூட்டம், தட்டையாக்கற வேலை குழாய்க்குள்ளயே நடந்துடும். வில்லியம் ஆப்டிக்ஸ் ரெட்கேட் 51 அப்படித்தான், அஸ்கார் எஃப்ஆர்ஏ வரிசையும் ஃப்ளாட்டனரை உள்ளயே வச்சு வருது. ஃபோக்கஸ் எட்டுதா, அவ்வளவுதான், அரை மி.மீ வளையம் தேட வேண்டாம். ஆனா உள்ள ஒரு கண்ணாடி கோணலா உக்காந்திருந்தா வீட்ல வச்சு சரி பண்றது ரொம்ப கஷ்டம், திருப்பி அனுப்பறது தான் வழி, அதனால இந்த வகையை திருப்பி எடுத்துக்கற இடத்துல மட்டும் வாங்கணும்ங்கறது என் கருத்து. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்வேன், தெளிவான ராத்திரி கிடைக்கறதே கம்மி, அதுல மூணை வளையம் மாட்டறதுலயே தொலைக்கணுமா?

ஃபோக்கஸர் பத்தி யாருமே கேக்க மாட்டாங்க, நீங்களும் கேக்கல. எஃப்/5 ல ஃபோக்கஸ் சரியா இருக்கற இடம் மொத்தமே 60 மைக்ரான் சொச்சம், ஒரு தலைமுடி கனம். அலுமினியக் குழாய் 350 மி.மீ நீளம்னு வச்சுக்கோங்க, ராத்திரி வெப்பநிலை 10 டிகிரி இறங்கினா அது 80 மைக்ரான் சுருங்கும். சாயங்காலம் பண்ண ஃபோக்கஸ் நடுராத்திரிக்கு இருக்காது, ரெண்டு மூணு டிகிரி இறங்கறப்போ எல்லாம் திரும்ப பாக்கணும், அதுக்கு தான் மோட்டார் மாட்டறாங்க. மோட்டார் மாட்ட இடம் இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. உருளை மேல வெறும் உராய்வுல பிடிச்சு ஓடற க்ரேஃபோர்டை விட பல் சக்கரம் வச்ச ராக் அண்ட் பினியன் கேமரா எடைக்கு நல்லது. கடையிலயோ வீட்லயோ சோதிக்க ஒரு வழி: கேமராவை மாட்டி குழாயை நட்டுக்குத்தலா வானத்தை பாத்து நிறுத்துங்க, பூட்டு திருகை தளர்த்திட்டு குமிழை மெதுவா உள்ள வெளிய திருப்புங்க, எங்கயாவது வழுக்குதா, கை எடுத்ததும் கேமரா தானா கீழ இறங்குதான்னு பாருங்க. அப்புறம் பூட்டை இறுக்குங்க. இறுக்கறப்போ பிம்பம் பக்கவாட்டுல குதிச்சா அந்த ஃபோக்கஸர் கோணலாகுதுன்னு அர்த்தம். ஃபோக்கஸ் பண்ண பாட்டினோவ் மாஸ்க் (கோடு கோடா வெட்டின, லென்ஸ் முன்னாடி மாட்டற மூடி) வச்சுக்கோங்க, பிரகாசமான நட்சத்திரத்தை பாத்து மூணு கோட்டுல நடுக்கோடு நட்ட நடுவுல வர்ற வரைக்கும் திருப்பினா போதும், அதை விட எளிமையான சாமான் இந்த பொழுதுபோக்குல கிடையாது.

டியூ ஹீட்டர் பட்டை வாங்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நட்சத்திரம் எல்லாம் உப்பிப்போச்சுன்னு அரை மணி நேரம் ஃபோக்கஸரோட மல்லுக்கட்டி கடைசில டார்ச் அடிச்சு பாத்தா லென்ஸ் மேல பனி பூத்து வெள்ளையா இருக்கும். எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். கைட் ஸ்கோப்புக்கு 30 மி.மீ குட்டி ஒண்ணு போதும், இந்த ஃபோக்கல் லெந்த்துக்கு அதுக்கு மேல தேவையில்ல.

வியாழன் எடுக்க முடியுமான்னும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. 45 ஆர்க் செகண்ட் அளவுல இருக்கற வியாழன் 250 மி.மீ ல 14 பிக்சல். அதுக்கு வேற டெலஸ்கோப்.

இன்னொருத்தர் கீழ "51 மி.மீ எல்லாம் பொம்மை"ன்னு எழுதியிருந்தார். 2023 ஜனவரில ஒரு கட்டுரை வந்துச்சு, ஆண்ட்ரோமெடா பக்கத்துல யாரும் அதுவரைக்கும் பாக்காத வில் மாதிரி ஒளிர்ற ஒரு பெரிய ஆக்சிஜன் மேகம் இருக்குன்னு. கண்டுபிடிச்சது மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செயின்டி, மூணு பேரும் அமெச்சூர். செயின்டி பயன்படுத்தினது 106 மி.மீ டகாஹாஷி ரிஃப்ராக்டர். வானத்துலயே அதிகமா படம் பிடிக்கப்பட்ட கேலக்ஸி அது, பெரிய பெரிய டெலஸ்கோப்புக்கு ஃப்ரேம் பத்தாது, அதுவும் ஆக்சிஜன் ஃபில்டர்ல அவ்வளவு நேரம் யாரும் அங்க உக்காரல. 106 ஒண்ணும் 51 இல்ல, ஒத்துக்கறேன், ஆனா தொழில்முறை வானியல்ல அதுவும் பொம்மை தான்.

ஆக உங்க மூணுல, ஃப்ளாட்டனர் தூரம் எல்லாம் கட்டி விளையாட பிடிக்கும், பின்னாடி ரிட்யூசர் (ஃபோக்கல் லெந்த்தை குறைக்கற லென்ஸ்) மாட்டிப் பாக்கணும்னா 61. ராத்திரி வெளிய போய் சட்டுனு எடுக்கணும்னா 51. என் கைல இப்போ இருக்கறது பெட்ஸ்வால் தான், அதனால நான் கொஞ்சம் ஒரு பக்கமா பேசலாம், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

வந்ததும் முதல் தெளிவான ராத்திரியே, திருப்பி அனுப்பற கெடு முடியறதுக்குள்ள, இதை பண்ணிடுங்க. பால்வீதி பக்கம் நட்சத்திரம் நெருக்கமா இருக்கற இடத்தை பாத்து ஒரு நிமிஷ எக்ஸ்போஷர் ஒண்ணு எடுங்க, நாலு மூலையையும் நூறு சதவீதத்துல பெருசாக்கி பாருங்க. நாலும் ஒரே மாதிரி கெட்டிருந்தா தூரம் தப்பு. ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தா, கேமராவை மட்டும் 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி ஃபோக்கஸ் பண்ணி இன்னொண்ணு எடுங்க. படத்துல அதே மூலை திரும்பவும் கெட்டிருந்தா கேமரா பக்கம் சாய்வு, அடாப்டரை பாருங்க. எதிர் மூலைக்கு மாறியிருந்தா ஸ்கோப் பக்கம் தப்பு, பெட்டியை திரும்ப ஒட்டி அனுப்பிடுங்க, ரெண்டு படத்தையும் கூட இணைச்சு.